இக்னேசியஸின் வலக்கையும் முறிந்த இரண்டு போல்ட்டுகளும்

பாரிசவாதம் வந்து பத்து மாதங்களின் பின், 1996 நவம்பரில், இக்னேசியஸ் ஒரு வேலையை ஒப்புக்கொண்டார். மீன் வியாபாரம் செய்யும் சீமோனின் பிக்கப்பில் பின்பக்கம் ஒயில் ஒழுகியது. பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்சலின் மூடியைக் கழற்றி, ஒயில் கசியாமல் அடைக்கும் புதிய பாக்கிங் வைத்து, பத்து போல்ட்டுகளையும் திரும்ப இறுக்கினால் போதும். முன்பென்றால் அவருக்கு இரண்டு மணித்தியால வேலை.

இந்த முறை அதற்குமேல் விஷயம் இருந்தது. இதை ஒழுங்காக முடித்தால் மெக்கானிக் வேலையைத் தொடர்வது, முடியாவிட்டால் கருவிகளை விற்றுவிட்டுக் காவலாளி வேலைக்குப் போவது என்று மனைவி வேரோனிக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கருவிகளைப் பார்க்கப் பக்கத்து நகரான மார்க்கத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் பேச்சு.

நான் அப்போது கனடாவில், மில்லிக்கனில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். குளிக்க வைப்பது, கை கால் பயிற்சி, பிரஷர் பார்ப்பது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னார்க் கரையில் பேசாலையில் பிறந்தவர். பதினைந்து வயதில் வள்ளத்து எஞ்சினில் தொடங்கி, மன்னாரில் லொறிகள் திருத்தி, தொண்ணூற்றிரண்டில் கனடா வந்து ஸ்காபரோவில் ஒரு கராஜில் வேலை செய்தவர். பயிற்சிகளை ஒன்றும் தவறவிடமாட்டார். நடை திரும்பிவிட்டது. வலக்கையில் பலமும் திரும்பிவிட்டது. என் கையைப் பிடித்து நசுக்கிக் காட்டுவார். டொக்டரும் சரி என்றார்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு நான் போனபோது அவர் வீட்டுக் கராஜில், பிக்கப்பின் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்தார். உள்ளங்கையில் இரண்டு போல்ட் தலைகள்.

"முறிஞ்சு போச்சுதக்கா. ரெண்டும். மட்டத்தோடை முறிஞ்சு துண்டு உள்ளை நிக்குது. இந்த நாட்டு உப்புத்தான். றோட்டிலை கொட்டுற உப்பு இரும்பைத் திண்டுபோடும்."

எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் துருவைத் தெரியும். அந்தத் தலைகளில் துரு இல்லை. முறிந்த இடம் புதுக் கத்திபோலப் பளபளத்தது.

"உது உப்புத் திண்டது மாதிரித் தெரியேல்லையே?" என்றேன்.

வேரோனிக்கா வாசலில் வந்து நின்றாள்.

"டின்னுக்குள்ளை இருந்து எடுத்துப் போட்டனீங்களோ?"

அவர் தலையசைத்தார். மூடியில் இருந்த பழைய போல்ட்டுகளில் இரண்டு தலை தேய்ந்துபோனவை. புதிது வாங்கக் கடைக்குப் போகாமல், பழையவை போட்டு வைத்திருக்கும் டின்னில் தேடி, அதே பருமனில் இரண்டை எடுத்திருக்கிறார். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் மன்னாரில் லொறி திருத்தியவர்களுக்கு ஒரு போல்ட்டையும் வீசும் பழக்கம் இல்லை. கடையில் வாங்கலாம் என்ற எண்ணமே முதலில் வராது. டின்னில் இருந்தவை ஜப்பான் கார்களில் கழற்றியவை, மில்லிமீற்றர் கணக்கு. பிக்கப் அமெரிக்கன், அங்குலக் கணக்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். போல்ட்டைச் சுற்றி ஓடும் மரை மட்டும் கொஞ்சம் வித்தியாசம். நாலு சுற்றுப் போகும், பிறகு சிக்கும்.

"முதலாவது முறிஞ்சவுடனை நிப்பாட்டியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"போல்ட் பழுது எண்டு நினைச்சன். மரை மாறிச் சிக்கினா ரெண்டாம் சுத்திலையே கைக்குத் தெரியும் அக்கா. முப்பத்தேழு வருசமாத் தெரிஞ்சது." தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். "இண்டைக்குத் தெரியேல்லை."

"எப்ப இருந்து தெரியேல்லை?"

"ஆசுப்பத்திரியிலை இருந்தே."

எனக்குக் கோபம் வந்தது. "பத்து மாசம் உம்மடை கையைப் பிடிச்சுப் பயிற்சி குடுத்திருக்கிறன். நோகுதோ, மரத்திருக்கோ எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டனான். டொக்டரும் கேட்டவர்."

"சொன்னா வேலைக்கு விடமாட்டினம்."

"அப்ப போன மாசம் சுண்டுவிரல் பொங்கினது?"

"அடுப்பிலை பட்டது. தெரியேல்லை."

வேரோனிக்கா உள்ளே போய்விட்டாள். பாத்திரம் வைக்கிற சத்தம் பலமாகக் கேட்டது.

பிழை என்னிலும் உண்டு. பலத்தைப் பார்த்தேன், உணர்ச்சியை அவர் வாயை நம்பி விட்டுவிட்டேன். அதைப் பற்றி அன்று இருந்து யோசிக்க நேரமில்லை. நாலு மணிக்குச் சீமோன் வருவான். திங்கள் விடிய விமான நிலையத்தில் மீன் பெட்டிகள் ஏற்ற அவனுக்கு வண்டி வேண்டும்.

"ஒரு பக்கம் மரத்த ஆளைக் குளிப்பாட்டேக்கை சுடுதண்ணியை நல்ல கையாலை தொட்டுப் பாக்கச் சொல்லுவம். உமக்கு இடக்கை நல்லாத்தானே இருக்கு? வலக்கை தள்ளட்டும், இடக்கை பாக்கட்டும்" என்றேன்.

"இடக்கைக்கு ஒண்டும் தெரியாது அக்கா."

"பழகும். இப்ப தொடங்கும்."

அவர் பாயை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். முறிந்த போல்ட்டின் நடுவில் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி குழித்து, ட்ரில்லை வலக்கையால் தள்ளி, இடக்கையால் அதன் கழுத்தைப் பிடித்தார். ட்ரில் பிட், போல்ட்டைக் கழற்றும் பக்கமாகச் சுழலும் வகை. துளை விழும்போதே சிலவேளை முறிந்த துண்டும் பிடிபட்டுத் திரும்பிவிடுமாம். முதலாவது அப்படித்தான் வந்தது, அரை மணித்தியாலத்தில். வண்டிக்கடியிலிருந்து, "வந்திட்டார்!" என்று ஒரு சத்தம்.

இரண்டாவது அசையவில்லை. துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருப்பித்து, மிச்சமிருந்த மெல்லிய இரும்புத் தோலைச் சின்ன உளியால் மடித்து, துண்டு துண்டாக எடுத்தார். இரண்டு தரம் நிறுத்தினார். "சரிஞ்சு போகுது. இடக்கை சொல்லுது." மத்தியானம் மூன்று மணியானது. கடைக்குப் போன வேரோனிக்கா, நல்ல போல்ட் ஒன்றைக் காட்டி, அதே அங்குல மரையில் இரண்டு புதிது வாங்கி வந்திருந்தாள். அவர் துளைகளின் மரையை வெட்டிச் சுத்தம் செய்து, பாக்கிங்கையும் மூடியையும் வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் இடக்கை விரல்களாலேயே கடைசிவரை சுற்றினார். சிக்கவில்லை.

இறுக்க ஸ்பானரை எடுத்தபோது நான் மறித்தேன்.

"எனக்குப் பிரஷர் பாக்க மெசின் இருக்கு. உமக்கு இறுக்கம் பாக்க ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. அளவு வந்தவுடனை 'டிக்' எண்ணுற ஸ்பானர். கராஜ் முதலாளி தந்தது. அது கை தெரியாதவனுக்கு."

"இப்ப நீரும் அந்த ஆள்தான்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்து வந்தார். பத்துத் தரம் 'டிக்' கேட்டது. பிறகு புது ஒயில் ஊற்றினார்.

சீமோன் வந்ததும் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. டின், மில்லிமீற்றர், மரத்த கை எல்லாவற்றையும் சொன்னார். சீமோன் வாயைப் பிளந்து கேட்டான்.

"அண்ணை, என்ரை வண்டிக்கு ஜப்பான்காரனைக் கலியாணம் பேசினீங்களோ?"

"பேசினன். ஒத்துவரேல்லை. கழட்டிப்போட்டன்."

அவன் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டீல்ஸ் தெரு வரை ஓடித் திரும்பி வந்து, அட்டை ஒன்றைப் போட்டுப் படுத்து, டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தான். நாங்கள் மூவரும் நின்றோம்.

"ஒழுகேல்லை, காய்ஞ்சிருக்கு" என்றான். எழும்பிக் காற்சட்டையைத் தட்டினான். "பின் பிறேக்கும் சத்தம் போடுது. அடுத்த சனி கொண்டரட்டோ?"

இக்னேசியஸ் மனைவியைப் பார்த்தார்.

"என்னை என்னத்துக்குப் பாக்கிறியள்? முதல் டொக்டரிட்டைக் கையைப் பற்றிச் சொல்லுங்கோ. சொன்னா நாளைக்குக் கருவி பாக்க வாற ஆளை மறிக்கிறன்."

"சொல்லுறன்."

"நானும் வருவன்" என்றேன்.

திங்கட்கிழமை டொக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் விரலாக ஊசி முனையால் தொட்டார். நான் மொழிபெயர்த்தேன். பெருவிரல், தெரியவில்லை. சுட்டுவிரல், தெரியவில்லை. நடுவிரலில் கொஞ்சம் நேரம் எடுத்து, "இருக்கு, ஆனா குத்துற மாதிரி இல்லை, ஆரோ தள்ளுற மாதிரி" என்றார். வேலை செய்யலாம், சூடான இரும்பிலும் சுழலும் கருவியிலும் வலக்கையைத் தனியே நம்பக்கூடாது என்று டொக்டர் எழுதித் தந்தார்.

சனிக்கிழமை சீமோன் பிறேக்குக்கு வந்தான்.