நல்ல பனி

காலை 8.10. போளூர் பேருந்து நிலையத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வண்டி புறப்பட்டது. நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மலைப்பாதை என்பதால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் நடத்துநர். நான் கும்பகோணத்துக்காரன், அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறவன். மலையே இல்லாத ஊரிலிருந்து, மார்கழிக் குளிரில் ஜவ்வாது மலையையும் அதன் அருவியையும் பார்க்க வந்திருந்தேன்.

எனக்கு முன் இருக்கையில், ஜன்னலோரம், ஓர் இளம்பெண். மடியில் இரண்டு வயதுப் பெண்குழந்தை துவண்டு கிடந்தது. பெயர் ஜின்சி, கேரளத்திலிருந்து ரயிலில் காட்பாடி வந்து இறங்கியவள், கணவர் ஆரோக்கியம் சந்தவாசல் பக்கத்துக்காரர், மலையில் பள்ளி ஆசிரியர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சீட்டுக் கொடுக்க வந்த நடத்துநரிடம் அவள், "இவிடெ மலையாளிகள் உண்டோ?" என்று கேட்டாள்.

"இந்த பஸ்ல பாதிப் பேரு மலையாளிங்கதாம்மா. இதோ, உன் பக்கத்துல குந்தினு இருக்கிற காளியம்மா கூட மலையாளிதான்."

ஜின்சியின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் காலிக் கூடையோடு அமர்ந்திருந்த நடுவயதுப் பெண்ணிடம் திரும்பி மளமளவென்று பேசத் தொடங்கினாள். காளியம்மா திகைத்துப்போனார்.

"இன்னாம்மா சொல்ற? எனக்கு ஒண்ணும் புரியலியே."

ஜவ்வாது மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள். அவர்கள் பேசுவது தமிழ். கணவர் தொலைபேசியில் 'இங்கே எல்லாரும் மலையாளிகள்தான்' என்று எப்போதோ விளையாட்டாகச் சொன்னதை நம்பி, தமிழில் ஒரு சொல்கூடக் கற்காமல் வந்திருந்தாள் அவள். பேச்சு பாதியில் நின்றது. குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

9.00. வளைவுகள் தொடங்கின. பள்ளத்தாக்கு முழுக்க வெண்மூட்டம். காளியம்மா கூடைமேல் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். குழந்தை நடுங்குவதைப் பார்த்து நான் முன்னால் குனிந்தேன். ஜின்சி என்னிடம் ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னாள்:

"மோள்க்கு நல்ல பனி."

மகளுக்கு நல்ல பனி. எல்லாமே எனக்குத் தெரிந்த சொற்கள். "ஆமாம்மா, நல்ல பனி" என்று தலையாட்டினேன். எட்டி ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். என் கம்பளிச் சால்வையைக் குழந்தையின் கழுத்துவரை இறுக்கிச் சுற்றினேன். ஜின்சி நன்றியோடு பார்த்தாள். நான் புரிந்துகொண்டுவிட்டேன் என்று அவள் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

9.35. குழந்தையின் கண்கள் மேலே செருகின. கைகள் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. ஜின்சி அலறினாள். விழித்தெழுந்து குழந்தையை வாங்கிய காளியம்மா, தொட்ட கையை உதறினார்.

"ஐயோ, கொயந்த ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது! ஜொரம்! யாரு இதும்மேல கம்பளியச் சுத்தினது?"

நான் என் இருக்கையில் பின்வாங்கினேன். அவர் சால்வையை உருவி எறிந்தார். குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, "ஜன்னலத் தொறங்க! தண்ணி குடுங்க!" என்றார். என் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். முந்தானையை நனைத்து நெற்றியிலும் அக்குளிலும் ஒற்றினார். ஓட்டுநர் அதன் பிறகு எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. இரண்டு வளைவுகள் கடப்பதற்குள் இழுப்பு நின்றது, குழந்தை அழுதது. அதற்கு முன் எந்த அழுகையும் எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

10.05. பேருந்து நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. மருத்துவர் ஓர் இளம்பெண். ஊசி போட்டுவிட்டு, "ஜொரம் ஏறினதுல வந்த வலிப்பு. பயப்படாதீங்க, சரியாயிடும். நல்லாப் போத்திக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்.

ஜின்சிக்குக் கேள்வி புரியவில்லை. காளியம்மா என்னைப் பார்க்கவேயில்லை.

"நான்தான் போர்த்தினேன்" என்றேன். "பனின்னு சொன்னாங்க. குளிர்னு நினைச்சுட்டேன்."

"மலையாளத்துல பனின்னா காய்ச்சல் சார்" என்றார் மருத்துவர் மெதுவாக.

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அச்சில் ஓர் எழுத்துப் பிறழ்ந்திருந்தால் என் கண்ணில் படாமல் போகாது. அவள் சொன்ன மூன்று சொற்களில் எந்தப் பிழையும் இல்லை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் என்னவென்று கேட்டிருப்பேன்.

பதினொரு மணிக்கு ஆரோக்கியம் ஓடி வந்தார். காளியம்மா கூடையை எடுத்துக்கொண்டு, "வர்றேம்மா, பாத்துக்கோ" என்று ஜின்சியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் அருவிக்குப் போகவில்லை.

மாலை 4.00. குழந்தை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. விடைபெறப் போனவன் ஜின்சியிடம், "என் தப்புதான்மா. மன்னிச்சுக்கோ" என்றேன். கணவர் அதை அவள் மொழியில் சொன்னார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சாரமில்லா சேட்டா."

சாரமில்லை. நான் கேட்ட மன்னிப்பில் உயிரில்லை என்கிறாளா? வழக்கம்போல் தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். ஆனால் நின்றேன்.

"அப்படின்னா என்னம்மா?"

"பரவால்லன்னு சொல்றாங்க சார்" என்றார் ஆரோக்கியம்.

ஜின்சி ஸ்டூலை என் பக்கம் தள்ளி, ஏதோ கேட்டாள். "உங்க ஊரு எதுன்னு கேக்கறாங்க" என்றார் அவர். உட்கார்ந்தேன். கும்பகோணம் பற்றி ஒரு வாக்கியம் சொல்வதும், அவர் அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை காத்திருப்பதுமாக நேரம் போயிற்று. போளூர் திரும்பும் 4.20 வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் எழவில்லை.