அறுபது வயதில் புஜாங்

கங்காவின் வலது முழங்கால் தேய்ந்து நான்கு வருடமாகிறது. செகிஞ்சான் மீன் கிடங்கில் நாள் முழுக்க நின்று கருவாடு தரம் பிரித்தால் யார் கால்தான் தேயாது? மூட்டை மாற்றிவிடலாம் என்றார் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர். அறுவைக்குப் பெரிய செலவில்லை. உள்ளே வைக்கும் செயற்கை மூட்டைத்தான் நோயாளி வாங்கித் தர வேண்டும். இல்லாதவர்களுக்கு அதையும் அரசாங்கமே தரும், உதவிப் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்றார். இல்லாமையில் தன்னை முந்த அந்தக் கம்பத்து ஊரில் ஆளில்லை என்ற தைரியத்தில் கங்கா மனுப் போட்டாள். இரண்டு முறையும் தள்ளிவிட்டார்கள்.

மூன்றாம் முறை, ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் விஷாலினி அரைநாள் லீவு போட்டுச் சமூகநல அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். கவுண்டரில் அன்பரசி என்ற தமிழ்ப் பெண் இருந்தாள்.

"ஆன்ட்டி, கல்யாணம் ஆனவங்கன்னு போட்டு, புருஷன் ஐசி நம்பரும் குடுத்திருக்கீங்க. அவரு பேருல மூணு லோரி ஓடுது. ரெண்டு பேரு வருமானத்தையும் சேத்துத்தான் பாப்பாங்க."

புவனேசன் இன்னொருத்தியோடு போய்ப் பதினேழு வருடமாகிறது. லோரி மூன்றான சேதியே கங்காவுக்கு இப்போதுதான் தெரியும். அதில் ஒன்றுகூட அவள் வீட்டுப் பக்கம் திரும்பியதில்லை. ஆனாலும் எந்த அலுவலகத்தில் கேட்டாலும் கல்யாணம் ஆனவள் என்பாள். அவன் அடையாள அட்டை நம்பரைப் பார்க்காமலே ஒப்பிப்பாள். கழுத்தில் தாலி கிடப்பவள் வேறென்ன சொல்வாள்?

"விவாகரத்துப் பத்திரம் இருந்தா அவர எடுத்துடலாம்."

"அதுக்கு எங்கம்மா போவேன்? எங்களுக்கு எஸ்டேட் கோயில்ல கல்யாணம். ரிஜிஸ்டர் பண்ணல."

பதியாத கல்யாணத்தை எந்தக் கோர்ட்டில் போய் முறிப்பது? வருமானத்தைக் கூட்ட வேண்டுமென்றால் புருஷன் இருக்கிறான். அவனைக் கழிக்க வேண்டுமென்றால் அப்படியொருவன் இருந்ததே இல்லை. நல்ல நியாயம்.

அன்பரசி குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வழி இருக்கு ஆன்ட்டி. கல்யாணமே ஆகல, புஜாங்னு சத்தியப் பத்திரம் குடுங்க. பதிவுலயும் அப்படித்தானே இருக்கு."

புஜாங் என்று மலாயில் கல்யாணமாகாத வாலிபப் பிள்ளைகளைச் சொல்வார்கள். அறுபது வயதில், பேரன் எடுத்தபிறகு, கங்கா புஜாங்.

"எழுதுமா," என்றாள் விஷாலினி. "தாளுதானே. கால் முக்கியம்லா."

கங்கா பேனாவை எடுத்தாள். பிள்ளைகள் பெயர் என்ற கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"கல்யாணம் ஆகாதவ இதுல என்னம்மா எழுதுறது?"

தாலியைப் பொய்யாக்குவது ஒன்று. பெற்ற மகளை முறையில்லாமல் பிறந்தவள் என்று எழுதிக் கொடுப்பது வேறு. எழுதாவிட்டால் கால் போச்சு. அவன் தொலைந்து போனவன்தான், இப்படியா கூடவே வந்து கழுத்தை நெரிப்பான் என்று கங்காவுக்கு ஆத்திரமாக வந்தது.

விஷாலினி பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள். தகப்பன் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு போட்டாள். எழுதி முடிக்கும்வரை அம்மாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சத்தியம் வாங்குகிறவரின் அறை எதிர்க் கடைவரிசையின் மாடியில். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள் கங்கா. கண்ணாடி போட்ட மலாய்க்காரர் தாளை முழுதாகப் படித்தார். இதில் உள்ளதெல்லாம் பெத்துலா, உண்மைதானா என்று மலாயில் கேட்டார்.

விஷாலினி முந்திக்கொண்டு, "பெத்துல்," என்றாள்.

"நீ இல்லை, உன் அம்மா சொல்ல வேண்டும்," என்றார் அவர்.

மகள் பக்கம் திரும்பாமல், "பெத்துல்," என்றாள் கங்கா.