பிரேக் மிதிக்கவில்லை

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். இசக்கிமுத்து என்னிடம் இதைச் சொன்னது பட்டப்பகலில், பாண்டி பஜாரில் அவனுடைய பாத்திரக்கடை வாசலில். சுற்றி நூறு பேர் போய்வந்துகொண்டிருந்தார்கள். அப்போதும் அவன் ரோட்டில் போகிற ஒவ்வொரு காரையும் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் பேசினான். பொய் சொல்கிறவன் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

இசக்கிமுத்து ஒரு கரண்டி வாங்கினாலும் நாலு தடவை தட்டிப் பார்த்து வாங்குகிற ஆள். அப்படிப்பட்டவன் அவசரப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தப் பழைய வெள்ளைக் கார். மனைவி ஜெயபாரதி மாசமாக இருந்தாள். அடையாறு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போகக் கூடாதே என்று வாங்கினான்.

மூன்றாம் நாளே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கோட்டூர்புரத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் துரைராஜிடம் கொண்டு போனான். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் சொருகி எதையோ படித்தார். பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது.

“என்ன கோளாறு?”

“ஒண்ணும் இல்ல சார். சென்சாரு. அழிச்சிட்டேன்.”

நாலு நாளில் மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தார். மூன்றாம் தடவையும் அதே கதை.

“நானே ஒரு ஸ்கேனர் வாங்கிரலாம்னு பாக்கேன்” என்றான் இசக்கிமுத்து.

துரைராஜ் முகம் சுருங்கியது. “அது இன்னாத்துக்கு சார் உனுக்கு? வேஸ்ட்டு. எரிஞ்சா எட்த்துனு வா, அழிச்சித் தரேன்.”

இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று அப்போதே இசக்கிமுத்துவுக்குத் தோன்றிவிட்டது. நம்மை முட்டாளாக்கிப் பிழைக்கிறான், இருக்கட்டும், ஒரு நாள் இவனுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே வீடு வந்தான்.

அன்றைக்கு ஜெயபாரதி கேட்டாள். “வண்டியில மீன் வாங்கி வச்சியளா? ஒரே கவிச்சி.”

“இல்லையே.”

“அந்தக் கருவிய வாங்குதியளா இல்லையா? நடுரோட்டுல நின்னுட்டா என்னைய யாரு தூக்கிட்டுப் போவா?”

நியாயமான கேள்வி. ஆனாலும் அவனுக்குக் கை வரவில்லை. பக்கத்துக் கடை ஃபைசான்தான் தன்னுடைய ஸ்கேனரைக் கொடுத்தான். “ஒரு வாரம் வெச்சுப் பாருங்கண்ணே. புடிச்சா புதுசு வாங்கிக்கங்க.”

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2.47. ஜெயபாரதி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இசக்கிமுத்து கீழே பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஸ்கேனரைச் சொருகினான். இன்ஜினைக் கிளப்பவில்லை. சாவியை மட்டும் திருப்பினான். அதோடு இணைத்திருந்த போனில் எழுத்துகள் வந்தன.

கோளாறு பதிவான நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்று அந்தக் கருவி காட்டும். காட்டியது.

முன்பக்க மோதல். வேகம் 68. பிரேக் மிதிக்கவில்லை.

தேதி, நாலு வருஷத்துக்கு முந்தையது. அவன் இந்த வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கும் முன்னால்.

இதைத்தான் துரைராஜ் மூன்று தடவை படித்திருக்கிறார். மூன்று தடவை அழித்திருக்கிறார்.

‘அழிக்கவா?’ என்று போன் கேட்டது. அவன் அழுத்தினான். 2.52.

தொப்.

பானெட்டின் மேல் எதுவோ விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தான். எதுவும் இல்லை.

மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. அதே தேதி. வேகம் 68. மறுபடி அழித்தான்.

தொப்.

இந்தத் தடவை கண்ணாடிக்குப் பக்கத்தில்...

2.56. டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அடிக்கும் மணி அது. சீட் காலி. ஆனால் மெத்தை அழுந்தியிருந்தது.

கவிச்சி மூக்கில் ஏறியது. கதவைத் திறக்கப் பார்த்தான். கை வரவில்லை.

“மீன் கூடைய தூக்கினு ரோட்ட தாண்டுனேன் நைனா.”

பெண் குரல். காதுக்குப் பக்கத்தில்.

“மூஞ்சிய பாக்கல. வண்டியத்தான் பாத்தேன்...”

டிங்... டிங்...

“ஓட்னது யாரு?”

அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் உளறிவிட்டேன் என்றுதான் முதலில் என்னிடம் சொன்னான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னான். பயத்தில் இல்லை... கோபத்தில்.

“துரைராஜ்.”

மணி நின்றது.

மெத்தை மெதுவாக மேலே எழும்பியது. கவிச்சி போய்விட்டது. மணி 3.01.

மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. தானாகவே.

திங்கட்கிழமை காலையில் ஃபைசான் செய்தி சொன்னான். துரைராஜ் செத்துப்போனார். ஷெட்டுக்குள்ளேயே. முந்தின நாள் மதியம், மூன்று மணி அடித்த கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டதாம்.

இசக்கிமுத்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினான். அங்கே போலீஸ்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். விலா எலும்பு அத்தனையும் நொறுங்கியிருந்தது. வேகமாக வந்த வண்டி மோதிய அடி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஷட்டர் உள்பக்கம் பூட்டியிருந்தது. ஷெட்டில் அன்றைக்கு ஒரு வண்டிகூட இல்லை.

பாவம் செய்தவன் போனான் என்று இசக்கிமுத்து மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தான். துரைராஜின் மனைவி சுலோச்சனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மெல்லக் கேட்டான்.

“நாலு வருஷம் முன்னால அண்ணன் வண்டி ஓட்டும்போது எதுவும் ஆக்சிடென்ட் ஆச்சாம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரா? எடது கண்ணு பொறந்ததுலேர்ந்தே தெரியாது சார். ரிப்பேர் பாப்பாரே கண்டி, ஒரு நாளும் வண்டி ஓட்டுனதில்ல. டெஸ்ட்டுக்குக்கூட ஓனரத்தான் ஓட்டச் சொல்வாரு.”

இசக்கிமுத்துவுக்குக் காருக்குள் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. ஓட்டியது யாரென்று அந்த மீன்காரி கேட்டாள். அவன் ஒரு பேரைச் சொன்னான். தப்பான பேர். இப்போது அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

அப்போது மணி 11.20. போன் அடித்தது. ஜெயபாரதி.

“வலி வந்துட்டுங்க. என்னால நிக்க முடியல. கதவு தொறந்துதான் கெடந்துச்சு, வண்டியில ஏறி உக்காந்துட்டேன். சீக்கிரம் வாங்க... இன்ஜின் வேற ஓடிட்டு இருக்கு.”

இதற்கு மேல் அவன் என்னிடம் சொல்லவில்லை. கேட்க எனக்கும் மனசு வரவில்லை.

அந்த வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு சாவி. அது அவன் சட்டைப் பையில் இருந்தது.