மாப்பிள்ளைக்கு என்சிலாடா

பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டும்போது என் கணவர் போன் செய்தார். அந்த நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கமில்லை. கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

"பாப்பா வருது. மாப்ளையும் கூட வர்றாராம். வானூர்லேந்து கெளம்பிட்டாங்க," என்றார். பாப்பா என்பது அவருடைய தங்கை. "ராத்திரி சாப்பாடு நம்ம வூட்லதான். அம்மா கைய பெசஞ்சிக்கினு நிக்குது. நீ சீக்கிரம் வா."

"பஸ்ஸ நானா ஓட்டறேன்?" என்றேன்.

நாத்தனாருக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. காதல் கல்யாணம். மாப்பிள்ளை வானூரில் டிராக்டர் மெக்கானிக். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம், கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். மறுவீட்டுக்கு வந்தபோது என் மாமியார் அன்றைக்குக் கிடைத்த பெரிய வஞ்சிரத்தை விற்காமல் வைத்திருந்து, நடுத்துண்டாகப் பார்த்து அவர் இலையில் போட்டார். மாப்பிள்ளை வயிறு சரியில்லை என்று சொல்லி ரசம் சோறு மட்டும் சாப்பிட்டார். பிறகு இலையை எடுத்தபோது, வஞ்சிரத் துண்டு சோற்றுக்கு அடியில் முழுசாக மூடிக் கிடந்தது. மாமியார் அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "கவுச்சி வூடுன்னு நெனைக்கிறாரு போல," என்றார். ஊரெல்லாம் கூவி மீன் விற்கிறவருக்கு அதைச் சொல்லும்போது குரலே எழும்பவில்லை.

இப்போது இரண்டாவது முறையாக வருகிறார், அதுவும் புரட்டாசியில். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க அடுப்பில் மீன் ஏறாது. மாமியார் காலையில் மரக்காணம் மார்க்கெட்டில் மீன் விற்பார், வந்து தலைக்குக் குளிப்பார், அப்புறம்தான் சமையலறைக்குள் கால் வைப்பார். கேட்டால், "விக்கிறது பொழப்பு, துன்னாதது வெரதம்," என்பார். மீனை எத்தனை விதமாகவும் சமைக்கத் தெரிந்த அவருக்குக் காய்கறி என்றால் சாம்பார்தான். தினமும் சாம்பார் தின்று எங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போயிருந்தது. புது மாப்பிள்ளைக்கும் அதையே ஊற்றுவதா?

பஸ் ஜன்னலில் சாய்ந்தபடி யோசித்தேன். பெரிய முதலியார்சாவடியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுஸின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் என் வேலை. அந்த வாரம்தான் எங்கள் சமையல்காரர் என்சிலாடா செய்தார், மீந்ததை எங்களுக்கும் கொடுத்தார். மெக்சிகோ பலகாரமாம். ஆனால் பிரித்துப் பார்த்தால் சப்பாத்தி, பயறு, மிளகாயும் தக்காளியும் அரைத்த குழம்பு, மேலே சீஸ். அவ்வளவுதான். ஒன்றொன்றையும் சுருட்டித் தட்டில் அடுக்கியவள் நான்தான்.

மரக்காணத்தில் இறங்கி, பாதி வெந்த சப்பாத்தி பாக்கெட் இரண்டும், பேக்கரியில் சீஸும், குடமிளகாயும் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் மாமியார் துவரம் பருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அத்தை, சாம்பார் வேணாம். காலைல வேக வச்ச காராமணி இருக்குதில்ல?"

"இருக்குது. அத வச்சி என்னா பண்ணப் போற?"

"என்சிலாடா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் சீலைக்கு என்னாடி?"

நான் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற என் கணவர் உள்ளே எட்டிப்பார்த்தார். அவரையும் விடவில்லை. பூண்டு உரிக்க உட்காரவைத்தேன். காய்ந்த மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, தக்காளி, பூண்டு, சீரகத்தோடு மிக்சியில் அரைத்து, எண்ணெயில் ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டேன். இன்னொரு அடுப்பில் வெங்காயமும் குடமிளகாயும் வதங்கின. காராமணியை அதில் கொட்டி மத்தால் மசித்தேன்.

ஓவன்தான் இல்லை. எங்கள் சமையல்காரர் அதில் வைத்துத்தான் சீஸை உருக்குவார். கேக் செய்யப் பாத்திரத்தில் உப்பைப் பரப்பிச் சூடாக்குவார்கள் என்று போனில் பார்த்திருந்தேன். உப்புக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? கருவாடு போட வாங்கிய கல்லுப்பு மூட்டை, இன்னும் பிரிக்காமல் மூலையில் இருந்தது. பெரிய தவலையின் அடியில் உப்பைக் கொட்டிப் பரப்பி, அடுப்பில் ஏற்றி மூடினேன். கொஞ்ச நேரத்தில் உப்பு படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது.

மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு அடுப்புல மொளகா, ஒரு அடுப்புல உப்பு. யாருக்குடி திருஷ்டி கழிக்கிற?"

"வர்ற மாப்ளைக்குத்தான்."

"கழி, கழி. அவருக்குத்தான் மொதல்ல கழிக்கணும்," என்று சொல்லிவிட்டு அவரே சப்பாத்திகளைக் கல்லில் போட்டுச் சூடுகாட்டத் தொடங்கினார். நான் அதில் காராமணியை வைத்துச் சுருட்டினேன். மீன் கழுவிப் பழகிய கை அல்லவா, அவருக்கு எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வராது. இரண்டைப் பார்த்துவிட்டு மூன்றாவதை அவரே சுருட்டினார். என்னுடையதைவிட இறுக்கமாக, அழகாக இருந்தது. எவர்சில்வர் தட்டில் நெருக்கி அடுக்கி, குழம்பை ஊற்றி, கேரட் சீவியில் சீஸைத் துருவித் தூவி, தவலைக்குள் உப்பின்மேல் ஒரு இரும்பு வளையத்தை வைத்து அதன்மேல் இறக்கினேன்.

பைக் சத்தம் கேட்டபோது முதல் தட்டு வெளியே வந்திருந்தது. சீஸ் உருகி, ஓரத்தில் குழம்பு கொப்பளித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, என்னா வாசன இது? தெருமுனைக்கே வருது."

எல்லாரையும் கூடத்தில் பாய்விரித்து உட்காரவைத்தோம். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சமாகப் பிய்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, வாயில் போட்டார். முதலாவது போயிற்று, இரண்டாவதும் போயிற்று. "அக்கா, இன்னொன்னு இருக்குங்களா?" என்று என்னைக் கேட்டார். மாமியார் சமையலறை நிலையில் சாய்ந்து நின்று, இமைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதும் முடிகிற நேரத்தில் மாமியார் மெதுவாக ஆரம்பித்தார். "மாப்ள, வெரத மாசம். ஒரு மீனு போட முடியல, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. ஐப்பசி பொறந்ததும் வாங்க. வஞ்சிரம், எறா, நண்டு, எல்லாம் பண்ணிடலாம்."

மாப்பிள்ளையின் கை தட்டிலேயே நின்றது. நாத்தனாரைப் பார்த்தார். அவள் தலைகுனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"சொல்லிடுங்க. எத்தன நாளு மறைப்பீங்க?" என்றாள்.

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "அத்தை, நான் மீனு சாப்புட மாட்டேங்க. சின்ன வயசுல தொண்டைல முள்ளு மாட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டேன். அதுலேந்து மீனப் பாத்தாலே பயம். மீன் புடிக்கிற வூட்ல பொண்ணு எடுத்துட்டு அத எப்பிடிச் சொல்றது? சொல்லக்கூடாதுன்னு இதுகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு எலையில சோத்துக்கு அடியில மூடி வச்சது?" என்று மாமியார் கேட்டார்.

"பாத்துட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை. காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"முள்ளுக்குப் பயந்தா?"

"ஆமாங்கத்தை."

"எங்க வூடு புடிக்காம இல்லியே?"

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு நெனைக்கிறீங்க? இன்னிக்கு நாங்கதான வர்றோம்னு போன் போட்டோம். புரட்டாசில மீனு வைக்க மாட்டீங்கன்னு தைரியமா வந்தேன்."

மாமியாருக்கு முதலில் சிரிப்பு வந்ததா, கண்ணீர் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அப்புறம் எழுந்து, தவலையிலிருந்து இரண்டாவது தட்டைத் துணி பிடித்து அவரே தூக்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளை முன்னால் வைத்தார்.

"இதுல முள்ளு இல்ல. துன்னுங்க," என்றார்.

அவர்கள் கிளம்பியபிறகு மீதமிருந்ததை நானும் மாமியாரும் சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பு ஊறி, சப்பாத்தி இன்னும் மெத்தென்று ஆகியிருந்தது. மாமியார் விரலை நக்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார். "அடுத்த வாட்டி இத்துனூண்டு புளி வுட்டுப் பாப்பம்."