விண்ணப்பத்தில் என் மகன் எழுதிய அப்பா

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். அமெரிக்காவில், டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கராஜ் வாசலில் நின்று ஃபோனில் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நாக்கு குழறியது. விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஃபோன் கீழே விழுந்த பிறகுதான் ஓடினேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'சரி'. பசித்தாலும் சரி என்பார், வலித்தாலும் சரி என்பார். கோபம் வந்தால் அதையே கத்துவார். நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் மட்டும் அந்த ஒன்றுதான்.

ஆஸ்டினில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே மகன் ஒரு செமஸ்டரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். நான் வேலையை விட முடியாது, குடும்பத்தின் மருத்துவ இன்ஷூரன்ஸே என் வேலையில்தான் இருந்தது. அதனால் அப்பாவைக் குளிப்பாட்டுவது, ஷேவ் பண்ணுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவன் பார்த்துக்கொண்டான். முதல் தடவை குளிப்பாட்டியபோது இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். உடம்பெல்லாம் நனைந்து வெளியே வந்த மகன், நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே டாக்டராக வேண்டும் என்று ஆசை. இங்கே டிகிரி முடித்த பிறகுதான் மெடிக்கல் காலேஜ், அதற்கும் மார்க் மட்டும் போதாது. உன் வாழ்க்கையில் உனக்கு மிக முக்கியமாகப்பட்ட அனுபவங்கள் எவை, அவை உன்னை எப்படி மாற்றின என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். அப்ளை பண்ணிய முதல் வருடம் அவன் லேப் வேலையைப் பற்றியும், இலவச கிளினிக்கில் உதவியதைப் பற்றியும், கோவிலில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததைப் பற்றியும் எழுதினான். ஒரு இடத்திலிருந்தும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெண், இந்த விண்ணப்பங்களுக்கென்றே ஆலோசனை சொல்லும் ஒரு அமெரிக்க அம்மாவின் நம்பரைக் கொடுத்தாள். அந்த அம்மா ஸூமில் வந்தாள். நான் டைனிங் டேபிளின் மறு ஓரத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நீ எங்கேயும் இல்லையே" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு, "இந்த ஒரு செமஸ்டர் ஏன் இடைவெளி?"

அவன் இரண்டு வாக்கியத்தில் சொன்னான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் உன் கதை! இதை ஏன் மறைத்து வைத்தாய்?"

"அது கதை இல்லை, என் அப்பா" என்றான்.

"புரிகிறது" என்றாள், நிஜமான கனிவோடுதான். "ஆனால் படிக்கிறவர்களுக்கு உன்னை வேறெப்படித் தெரியும்?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். தன் வேலையைச் செய்தாள்.

அவன் எழுத உட்கார்ந்தான். இத்தனை எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு உண்டு. எழுதுவான், வெட்டுவான், அனுப்புவான், அது திரும்பி வரும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று சொல்ல வேண்டுமாம். ஒரு நாள் கிச்சனுக்கு வந்து கேட்டான். "ம்மா, அன்னிக்கு பாத்ரூம்ல அப்பா ஏன் அழுதார்னு நினைக்கறே?"

"தெரியலடா. வெக்கமா இருந்திருக்கும்."

"டிக்னிட்டின்னு போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பொய் ஒன்றும் இல்லை.

அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டும் என்றான். அவர் சக்கர நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துப் படித்தான். தன் உடம்பு, தன் அழுகை, தன் ஊமைத்தனம் எல்லாவற்றையும் நல்ல ஆங்கிலத்தில் அவர் கேட்டார். படித்து முடித்ததும், "இதை அனுப்பலாமாப்பா?" என்று கேட்டான்.

"சரி" என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவர் சம்மதித்தாரா, வேண்டாம் என்று கெஞ்சினாரா, இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவன் அனுப்பினான்.

அந்த வருடம் ஒரு இடத்திலிருந்து இன்டர்வியூ வந்தது. போய்விட்டு வந்தவனை ஏர்போர்ட்டிலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். "அப்பா இப்ப எப்படி இருக்கார், குணமாயிட்டாரான்னு கேட்டாங்கம்மா. அப்படியேதான் இருக்கார்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன கேக்கறதுன்னு தெரியல" என்றான். முதலில் வெயிட்லிஸ்டில் போட்டார்கள். கோடையில், இடம் இல்லை என்று ஈமெயில் வந்தது. மற்ற இடங்கள் முன்பே இல்லை என்று சொல்லிவிட்டன.

அந்த ஈமெயில் வந்த அன்று அவன் அழவில்லை. சிங்க்கில் கை கழுவிக்கொண்டே சொன்னான், "அப்பாவையே குடுத்துட்டேம்மா. அதுவும் பத்தல."

அவன் தோளைத் தொட்டேன். நகர்ந்துகொண்டான்.

மூன்றாவது முறை அப்ளை பண்ணவில்லை. பக்கத்து ஊரான பிளேனோவில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறான். அப்பாவைத் தொடுவதை விட்டுவிட்டான். காலையில் ஒரு அட்டெண்டர் வந்து குளிப்பாட்டுகிறார். ஏன்டா இப்படி என்று ஒரு முறை கேட்டேன். "அவர் கையைப் பிடிச்சாலே இதுல என்ன கத்துக்கிட்டேன்னு மனசு எழுத ஆரம்பிச்சுடுதும்மா. நிறுத்த முடியல" என்றான். அவன் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இவர் தலை அந்தப் பக்கம் திரும்பும். அவன் மாடிப்படியில் இறங்கி நேரே காருக்குப் போய்விடுவான்.

போன மாதம் அந்தப் பக்கத்துத் தெருப் பெண் வந்தாள். அவள் மகள் இந்த வருடம் அப்ளை பண்ணுகிறாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பையன் எழுதினது இன்டர்வியூ வரைக்கும் கொண்டு போச்சே, அதை ஒரு மாடலுக்கு அனுப்பச் சொல்ல முடியுமா? இவளுக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் நடக்கல பாருங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சோஃபாவில் இருந்த மகன் ஃபோனை எடுத்தான்.

"ஈமெயில் சொல்லுங்க ஆன்ட்டி."

அவள் சொல்லச் சொல்லத் தட்டினான். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிடுச்சு, பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மகன் மாடிக்குப் போனான். அவள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் வாசல் வரை போய் வழியனுப்பினேன். எதிர்வீட்டுப் புல்தரையில் ஸ்பிரிங்க்ளர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போக மனம் வராமல் அங்கேயே நின்றேன்.