பல்லைக் காட்டிய மாப்பிள்ளை

மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய அந்தப் போட்டோவில் என் வீட்டுக்காரர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. கல்யாணத்துக்குக் கொடுக்கிற போட்டோவில் யாராவது இப்படிச் சிரிப்பார்களா என்று அம்மாவுக்குக் குறை. எனக்கோ அதுதான் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று தலை குனிந்தே நின்றதில் அவருடைய கால் கட்டைவிரலைத்தான் பார்த்திருந்தேன். முகம் என்றால் எனக்கு அந்தப் போட்டோதான். யாரும் இல்லாத நேரத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துப் பார்த்து மனப்பாடமே செய்துவிட்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. தியாகதுருகத்தைச் சுற்றிச் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்ட நேரம். ஒரு காலையில் மாப்பிள்ளையின் சித்தப்பா சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், "அந்தப் போட்டோவ குடுத்துடுங்க சம்பந்தி" என்றார்.

எங்கள் பக்கத்தில் போட்டோவைத் திருப்பிக் கேட்டால் சம்பந்தம் முறிந்தது என்றுதான் பொருள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க பொண்ணுகிட்ட இன்னா கொறய கண்டுட்டீங்க?" என்று அப்பா எகிறினார்.

சித்தப்பா பதறிப்போனார். "ஐயோ, அதில்லங்க! பையன் மோட்டார் சைக்கிள்ல வந்துகினு இருந்தான். ரோட்டுல கெடந்த மரத்துல மோதி மூஞ்சியே ஒடஞ்சிபோச்சி. முன்ன எப்டி இருந்துச்சின்னு பாக்கணும்னு டாக்டரு போட்டோ கேக்குறாரு. எங்க வூட்டுல இருந்தது அது ஒண்ணுதாங்க." விஷயம் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று மறைக்கப் பார்த்திருக்கிறார், பாவம்.

அப்பா யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்தால் சம்பந்தம் முறிவதில்தான் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். பெட்டியிலிருந்து போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். "கல்யாணம் நடக்குதோ நிக்குதோ, இந்த மூஞ்சி சரியாவணும். நானே எடுத்துக்கினு போறேன்." வேறு வழியில்லாமல் அப்பாவும் சைக்கிளை எடுத்தார். மரம் கிடந்த இடத்திலெல்லாம் அவர் சைக்கிளைத் தூக்க, நான் புடவையைச் செருகிக்கொண்டு ஏறிக் குதிக்க, ஒருவழியாகக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கன்னத்து எலும்பு உள்ளே போயிருந்தது, மேல்தாடை ஆடியது, கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்திருந்தது. வைத்தியம் பார்த்தவர், தன் மாமனார் வீட்டு விசேஷத்துக்கு வந்து பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட, முகம் தாடை எலும்புக்கென்றே படித்த டாக்டர். எங்கள் அதிர்ஷ்டம், வேறென்ன! போட்டோவைப் பார்த்ததும் துள்ளினார். "அடடா, சிரிச்சிருக்காரே! பல்லு தெரியுதே!" மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி சேர்ந்துவிட்டால் தாடை தானாக இடத்துக்கு வந்துவிடுமாம். வீக்கம் வடிந்ததும் போட்டோவை ஆபரேஷன் தியேட்டர் சுவரில் ஒட்டிவைத்து, கன்னத்தைத் தூக்கி நிறுத்தி, உடைந்ததையெல்லாம் கம்பியால் கட்டி, இரண்டு பல்வரிசையையும் சேர்த்து முடுக்கிவிட்டார். எலும்பு கூடும்வரை சில வாரம் வாயைத் திறக்கவே முடியாது. சில நாள் கழித்துப் பார்த்த அப்பா, "அதே ஆளுதான்" என்று ஒரே வார்த்தையில் சம்மதத்தைச் சொல்லிவிட்டார்.

குறித்த நாளிலேயே கல்யாணம். ஊரே பந்தியில் உட்கார, மாப்பிள்ளை பாயசத்தை மட்டும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினார். "வாயே தொறக்காத மாப்ள! குடுத்து வச்சவடி நீ" என்று அத்தைமார் என்னைக் கிள்ளினார்கள். அந்த வாரங்களில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே பேசினேன். பள்ளிக்கூடக் கதை, பக்கத்து வீட்டுச் சண்டை, ஒன்று விடவில்லை. அவர் கண்ணாலேயே சிரிப்பார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறில்லை.

கம்பியை வெட்ட மறுபடி வந்திருந்த டாக்டர், வெட்டி முடித்ததும், "ஏதாவது பேசுங்க, பாப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யப்பா! இன்னா பேச்சு பேசுற நீ!"

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது என் வீட்டுக்காரருக்கு வாய் நன்றாகத் திறக்கிறது. நான்தான் திறக்க விடுவதில்லை.