மாற்று ஆள் வரும்வரை

எங்கள் மிஷனின் வெளியூர் ஊழிய விதிகளில் ஒன்பதாவது இப்படிச் சொல்கிறது: "காய்ச்சல் பரவிய தோட்டத்தில் தங்கியிருக்கும் ஊழியரை, அவர் கேட்கும்வரை காத்திராமல், உடனே திருப்பி அழைத்து, மாற்று ஊழியர் ஒருவரை அனுப்புதல் வேண்டும்."

நான் ரயில்வே அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன். விதிகளை வாசிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன். இதைவிடத் தெளிவான விதியை நான் கண்டதில்லை. எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். அதைக் கையில் வைத்திருந்தவர்களும் நல்ல மனிதர்களே. ஆயினும் அக்கா இன்று நம்மிடையே இல்லை.

இந்த ஓராண்டு நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் இளையவர்கள் பலர் அக்காவை வெள்ளைச் சேலையில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். அவர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் பிறந்தவர். பெற்றோருக்கு நாங்கள் இருவரே. மிஷன் பெண்கள் பாடசாலையில் படித்தார். கிள்ளான் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த அத்தானை மணந்து கப்பலேறினார். அடுத்த ஆண்டே என்னையும் வரவழைத்தார். கப்பலை விட்டு இறங்கியவனைத் துறையில் நின்று பார்த்து, "என்ன தம்பி, கடல் உன்னை இப்பிடி வாட்டிப்போட்டுது?" என்று அவர் சிரித்ததுதான் இந்த நாட்டில் நான் கேட்ட முதல் தமிழ்.

அத்தான் சில ஆண்டுகளிலேயே காய்ச்சலில் காலமானார். பிள்ளைகள் இல்லை. ஊருக்குத் திரும்பிவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். அக்கா பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தார். என் பிள்ளைகளை வளர்த்தார். அவர்கள் வளர்ந்தபின், மிஷனின் உபதேசியம்மாவாக ரப்பர் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். நம்மவர்கள் தோட்ட மக்களுக்காக உருக்கமாக ஜெபிப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அக்கா இரண்டையும் செய்தார். அதனால் சில வீடுகளில் அவருக்குத் தனிக் கோப்பை வைக்கப்பட்டது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "தனிக் கோப்பை எண்டால் நல்லாக் கழுவியிருப்பினம்" என்பார்.

அக்காவிடம் குறைகளும் இருந்தன. பாட்டு வராது. கீர்த்தனையை எந்தச் சுருதியில் தொடங்கினாலும் வேறொன்றில்தான் முடிப்பார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். "சிரிக்க வந்தவையள் இருந்திடுவினம். பாட்டுத் தெரிஞ்சவைக்கு இந்த வசதி இல்லை" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். இன்னொரு குறை, கவலைப்படத் தெரியாதது. எங்கள் வீட்டின் கவலை முழுவதும் என் பங்குக்கு வந்ததற்கு அதுவே காரணம்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். பொங்கல் முடிந்ததும், கிள்ளானை அடுத்த மேருவுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்துக்கு அக்கா புறப்பட்டார். ஒரு வார ஊழியம். கொசுவலையை மடித்து, அதை எப்படிக் கட்டுவது, ஓரங்களை எப்படிப் பாயின் கீழ் செருகுவது என்று எழுதி நான் அதனுள் வைத்தேன். காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையும், தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கு ஒரு கடிதமும் தனியே கட்டினேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, பேதுரு கடலிலை நடக்கப் போகேக்கை நீ பக்கத்திலை நிண்டிருந்தால், முதல்லை துறைமுக அதிகாரியிட்டை அனுமதி வேண்டிக்கொண்டு வா எண்டு அனுப்பியிருப்பாய்."

"அனுமதியோடை போயிருந்தால் அவர் பாதி வழியிலை அமிழ்ந்திருக்க மாட்டார், அக்கா."

"அமிழ்ந்தவரைத் தூக்கினது ஆர்? அதிகாரியோ?"

பதில் சொல்வதற்குள் கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "போட்டு வாறன். நீ இருந்து யோசியாதை" என்றார். யாழ்ப்பாணத்தில் கவலைப்படுவதற்கு யோசிப்பது என்றுதான் சொல்வோம். அக்கா எனக்குக் கடைசிவரை சொன்ன புத்திமதி அது ஒன்றுதான்.

வாரம் முடிந்தும் அவர் வரவில்லை. அந்தத் தோட்டத்து லோரி ஓட்டுநர் வந்தார்.

"ஐயா, உபதேசியம்மா சொல்லியனுப்புனாங்க. லயத்துல எல்லாருக்கும் காய்ச்சலு. பொம்பளைங்க படுத்துட்டாங்க, புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்த ஆளில்ல. மாத்து ஆள் வந்தாத்தான் அம்மா வருவாங்களாம். அரிசியும் கொய்னாவும் கேட்டாங்க."

"அக்கா எப்படி இருக்கிறார்?"

"அம்மாவுக்கென்னங்க. நல்லா சத்தமாத்தான் பாடுறாங்க."

ஒன்பதாவது விதி எனக்கு மனப்பாடம். மிஷன் செயற்குழுவின் கௌரவச் செயலாளர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் எனக்கு அடுத்த இருக்கையில் அமர்பவர். கேட்டதை லோரியில் ஏற்றிவிட்டு உடனே போனேன். வராந்தாவில் காலை நீட்டிக்கொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மெய்யாகவே வருந்தினார்.

"அண்ணை, பாவம் அக்கா. ஆனால் இதை நீங்கள் எனக்குச் சொன்னதா நான் வைச்சுக்கொள்ள ஏலாது. கிள்ளான் மேற்பார்வையாளருக்கு எழுதுங்கோ. அவர் எனக்கு அனுப்புவார்."

"அனுப்பினால், மாற்று ஆளுக்கு உத்தரவு எழுதப்போறது ஆர்?"

"நான்தான்."

"அப்ப இப்பவே எழுதலாமே."

"இப்ப நான் சாரத்தோடை இருக்கிறன், அண்ணை" என்றார். பகிடி விடவில்லை. மனப்பூர்வமாகச் சொன்னார். செயலாளராக இருக்க அவருக்குக் காற்சட்டையும் மேசையும் முறையான வழியில் வந்த ஒரு தாளும் வேண்டும். அவரோடு என்னால் வாதாட முடியவில்லை. அவரிடத்தில் நான் இருந்தாலும் காற்சட்டையைத்தான் தேடியிருப்பேன். அரசாங்க உத்தியோகம் நம்மவர்களுக்குச் சோறு போட்டது. கூடவே இதையும் ஊட்டிவிட்டது.

அன்றே கிள்ளானுக்கு எழுதினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது: ஊழியரின் கையொப்பம் இல்லை. அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது; அவர் கையெழுத்திட்டுக் கேட்டாலன்றிப் பார்க்க முடியாது என்று அலுவலகம் சொல்கிறது. கையொப்பம் வாங்க நானே புறப்பட்டேன்.

கிள்ளான்வரை ரயில், பிறகு மாட்டு வண்டி. லயத்தின் முதல் அறையிலேயே நான் மடித்துக் கொடுத்த கொசுவலை தொங்கியது. என் குறிப்பில் இருந்தபடியே ஓரங்கள் பாயின் கீழ் செருகப்பட்டிருந்தன. உள்ளே ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தாய், பால்மரம் வெட்டும் மாரியாயி, காய்ச்சல் விட்டு அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தார். என் பார்வை போன இடத்தைக் கண்டு பதறிவிட்டார்.

"ஐயா, நான் வேணாம் வேணாமுன்னுதாங்க சொன்னேன். அம்மாதான் கட்டிவிட்டாங்க. இப்பவே அவுத்துக் குடுத்துடுறேங்க."

"பிள்ளை தூங்கட்டும்" என்றேன்.

அக்கா லயத்தின் கோடியில் கஞ்சிப் பானையருகே இருந்தார். முகம் மஞ்சளாகியிருந்தது. கையைத் தொட்டேன், அடுப்பைவிட அதுதான் சுட்டது.

"அக்கா, வண்டி நிக்குது. வாங்கோ, போவம்."

"மாத்து ஆள் வந்திட்டுதோ?"

"இல்லை. விண்ணப்பத்துக்கு உங்கடை கையெழுத்து வேணும்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுக்கமாக மாறி, அடங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு அகப்பையை வைத்துவிட்டுக் கையெழுத்திட்டார். மிஷன் பாடசாலையில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர். அந்தத் தாளில் அவருடைய பெயரை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

"இந்தச் சனத்துக்கு நான் சொல்லிப்போட்டன், ஆள் வராமல் போகமாட்டன் எண்டு. நீ அனுப்ப வேண்டியதை அனுப்பு. நான் அனுப்ப வேண்டியதை நானும் ஆண்டவரிட்டை அனுப்பிப்போட்டன். இனி என்ன யோசனை?"

"உங்கடை விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததோ?"

கோபத்தில்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பதில் எப்பவும் வரும், தம்பி. எங்களுக்குப் பிடிச்ச பதில்தான் சுணங்கும்" என்றார்.

கொய்னாவை என் கண்முன்னே விழுங்க வைத்தேன். தூக்கி வண்டியில் போட்டிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அக்காவை அறியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. அவரை அங்கிருந்து எழுப்பக்கூடியது ஒன்றே ஒன்று. அது என் சட்டைப்பையில் இருந்த தாளுக்கு வரவேண்டிய பதில். ஆகவே அதைத் தேடிப் போனேன்.

மேற்பார்வையாளர் மேலொப்பமிட்டார். தாள், முறைப்படி, இரண்டு வீடு தள்ளி வந்து சேர்ந்தது. செயலாளர் அதை ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் குழுவின் முன் வைத்தார். அந்த மாதக் கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர் வரவில்லை. கிள்ளானில் ஒரு கல்யாணம். அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்கள். ஞாயிறு ஆராதனையில் அக்காவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். குரல் தழுதழுக்க ஜெபித்தவர் செயலாளர்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் லோரி ஓட்டுநர் மறுபடியும் வந்தார். இம்முறை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அக்கா நினைவிழந்து விழுந்துவிட, லயத்துப் பெண்கள் அவரைக் கிள்ளான் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போனபோது நினைவு திரும்பியிருந்தது. மாரியாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

அக்கா கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஆள் வந்திட்டுதோ?"

பல அதிகாரிகளுக்குப் பலவிதமாகப் பதில் எழுதியவன் நான். "வரும், அக்கா. நீங்கள் யோசியாதேங்கோ" என்றேன்.

அவருடைய உதடு கோணியது. "உது என்ரை கதையெல்லோ" என்றார். தம்பியைக் கேலி செய்ய அப்போதும் அவரிடம் பலம் இருந்தது. அதைக் கண்டு பிழைத்துவிடுவார் என்றே நம்பினேன்.

மாரியாயி குனிந்தார். "அம்மா, பானைய எம் மாமியா கிண்டுது. சாயங்காலம் நான் போயிருவேன். எந்தப் புள்ளையும் பட்டினி கெடக்காது. நீங்க சொன்ன மாதிரி உப்பு கம்மியாப் போடுறோம், சரியா?"

"நான் எப்பயடி உப்புக் குறைக்கச் சொன்னனான்?"

"நாங்களாத்தான் கொறைச்சோம்மா. நீங்க போட்டது வாயில வைக்க முடியல."

அக்கா சிரித்தார். பிறகு நீண்ட நேரம் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஆள் வந்திட்டுது" என்றார். என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் இனி வீட்டை வாறன்" என்றார்.

மறுநாள் விடியுமுன் அக்கா காலமானார்.

அவர் கேட்டது கிடைத்துவிட்டது என்று போதகர் அடக்க ஆராதனையில் சொன்னார். இருக்கலாம். முன்பு கஞ்சிக்குக் கை நீட்டிய மாரியாயியே மாற்று ஆள் என்று அக்கா கண்டுகொண்டார். அதைத் தம் விண்ணப்பத்துக்கு வந்த பதிலாகவே எடுத்துக்கொண்டார். நான் அப்படி எடுத்துக்கொள்ள முயன்றுகொண்டிருக்கிறேன். ஓராண்டாகிறது, இன்னும் முடியவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அக்கா சொன்ன ஒவ்வொரு முறையும், அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார் என்றே நான் கேட்டேன். திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அப்படி அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மாலையானால் என் கண் இன்றும் வாசற்படலைக்குப் போகிறது. கிள்ளான் ரயில் வந்துபோகும் சத்தம் எங்கள் வீட்டில் நன்றாகக் கேட்கும்.

இனி நன்றி. அக்காவை வண்டியில் ஏற்றி, வழி முழுவதும் தலையைத் தம் மடியில் தாங்கி வந்த லயத்துப் பெண்களுக்கும், லோரி ஓட்டுநருக்கும், மருத்துவமனையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடக்கத்துக்கு வந்த மாரியாயி அம்மாள் கொசுவலையைத் துவைத்து, மடித்து, நான் எழுதிய குறிப்பையும் உள்ளே வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். ஊழியத்தில் கொடுத்த பொருளைத் திரும்பப் பெற விதி இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அப்படி எந்த விதியும் கிடையாது. வாழ்நாளில் நானாக இயற்றிய விதி அது ஒன்றுதான்.

மிஷன் செயற்குழுவினருக்கும் முறைப்படி நன்றி கூறுகிறேன். அவர்கள் பதில் அனுப்பாமல் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் போதிய உறுப்பினர் இருந்திருக்கிறார்கள். மாற்று ஊழியரை அனுப்ப அனுமதி அளிக்கப்படுவதாகவும், விண்ணப்பதாரர் உடனே வீடு திரும்பலாம் என்றும் இரண்டு வீடு தள்ளி எழுதப்பட்ட அந்தக் கடிதம், கிள்ளானுக்குப் போய், மேற்பார்வையாளரின் மேலொப்பம் பெற்று, அக்காவின் பெயருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. கிடைத்த நாள்: பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை.